வெள்ளைப்படுதல் முதல் பிரசவக் காய்ச்சல் வரை: மகப்பேறு வார்டில் விரைவுச் சோதனை செய்வது எப்படி?

காலை 10 மணி ஓ.பி. ஏழாவது மாதக் கர்ப்பிணி ஒருவர் வருகிறார். "ஒரு வாரமா வெள்ளை படுது மேடம், வாடை வேற அடிக்குது." ஸ்வாப் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும். அவர் ஊருக்கு மதியம் ஒரு பஸ், ராத்திரி ஒரு பஸ். திரும்ப வருவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வந்தாலும் அந்த கல்ச்சர் பெரிதாக உதவப் போவதில்லை. வாடையோடு வெள்ளைப்படுவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது யோனியின் நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகிவிடும் நிலை. அதில் கார்ட்னெரெல்லா என்ற கிருமி வளரும். ஆரோக்கியமான பெண்களிடமும் அதே கிருமி வளரும். வளர்ந்தது என்பதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மேசையில் இருந்து எழுந்து, மாத்திரை வாங்கும் வரிசையில் போய் நிற்பதற்குள், பத்து ரூபாய்ச் சாமான்களை வைத்து பதில் சொல்லிவிடலாம்.

லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள், லேபர் வார்டு சிஸ்டர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பது டாக்டர். அவர் கைக்கு நம்பகமான ஒரு வரி போய்ச் சேர வேண்டும், அதுதான் நம் வேலை.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி), பஞ்சு ஸ்வாப், ஸ்லைடு, கவர் ஸ்லிப், சாதா சலைன், 10 சதவீத கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல், கிருமிகளுக்குச் சாயம் போடும் கிராம் ஸ்டெயின் செட், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். காகிதம். இதில் கடைசியாகச் சொன்னதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 முதல் 14 வரை காட்டும் காகிதம் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் 4.5க்கும் 5க்கும் வித்தியாசம் தெரியாது. நமக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான். 4 முதல் 7 வரை மட்டும் காட்டும் குறுகிய ரக காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சலைன் அறைச் சூட்டில் இருக்கட்டும், ஃபிரிட்ஜில் வைத்ததை எடுக்க வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

முதலில் கேள்வி, அப்புறம் ஸ்பெகுலம்

மேசையில் படுக்க வைப்பதற்கு முன் சில கேள்விகள். கடைசியாகக் கணவரோடு சேர்ந்தது எப்போது? உள்ளே வைக்கும் மாத்திரை ஏதாவது வைத்தீர்களா? சோப்புப் போட்டு உள்ளே கழுவினீர்களா? ரத்தம் பட்டதா? தண்ணீர் மாதிரி ஏதாவது இறங்கியதா? பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டீர்களா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. யோனியின் இயல்பான பி.எச். 3.8 முதல் 4.5 வரை. விந்து, ரத்தம், பனிக்குட நீர், கர்ப்பப்பை வாயின் சளி எல்லாமே அதை மேலே தூக்கிவிடும். கேள்வி கேட்காமல் காகிதத்தை மட்டும் பார்த்தால், முந்தின இரவு நடந்ததை நோய் என்று எழுதிவிடுவோம்.

கேட்கும் விதமும் முக்கியம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஸ்க்ரீனை இழுத்து விட்டு, துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

தண்ணீர் இறங்கியது என்றால் கதையே வேறு. அப்போது கிருமி நீக்கிய ஸ்பெகுலம் மட்டும்தான். விரல் விட்டுப் பார்க்கக் கூடாது. பனிக்குடம் உடைந்ததா என்று பார்க்க நைட்ரசைன் காகிதம் வைப்பார்கள், பனிக்குட நீர் 7க்கு மேல் இருப்பதால் அது நீலமாகும். பாக்டீரியல் வஜைனோசிஸ் இருந்தாலும் நீலம் காட்டும். அதனால் காகிதம் நீலமானதை மட்டும் நம்பி பனிக்குடம் உடைந்தது என்றும் சொல்லக் கூடாது, தொற்று என்றும் சொல்லக் கூடாது. இருமச் சொல்லி, கர்ப்பப்பை வாயில் இருந்து நீர் வழிகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் பெரிய சாட்சி.

ஸ்வாப் எடுப்பது

ஸ்பெகுலத்தைத் தண்ணீர் அல்லது சலைனில் நனைத்தால் போதும். ஜெல்லி தடவினால் மாதிரி கெடலாம். உள்ளே போனதும் ஒரு நிமிடம் பாருங்கள். மெல்லிய, சாம்பல் கலந்த வெள்ளையாக, சுவரில் பால் ஏடு போலப் படிந்திருக்கிறதா? திரிந்த பால் மாதிரி கட்டியா? நுரையோடு மஞ்சள் பச்சையா? கர்ப்பப்பை வாயில் இருந்தே சீழ் வருகிறதா?

யோனியின் பக்கச் சுவரில், நடுப்பகுதியில் ஸ்வாபை உருட்டுங்கள். கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டாம், அங்கே தேங்கி நிற்பதையும் எடுக்க வேண்டாம். வாயின் சளி காரத்தன்மை உள்ளது, பி.எச். பொய் சொல்லும். இரண்டு ஸ்வாப் எடுங்கள். ஒன்று காகிதத்துக்கும் ஈர ஸ்லைடுக்கும், இன்னொன்று கிராமுக்கு.

பி.எச். பார்ப்பது

ஸ்வாபைக் காகிதத்தில் அழுத்தி, ஈரமாக இருக்கும்போதே டப்பாவில் உள்ள வண்ணப் பட்டையோடு ஒப்பிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. பழைய மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே ஒரே நிறமாகத்தான் தெரியும். 4.5 வரை இருந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸுக்கு வாய்ப்புக் குறைவு, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். 4.5ஐத் தாண்டினால் பாக்டீரியல் வஜைனோசிஸ், ட்ரைக்கோமோனாஸ் இரண்டும் பட்டியலில் வரும். வயதாகி மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இயல்பாகவே பி.எச். ஏறியிருக்கும், அவர்களிடம் இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாடை

ஸ்லைடில் தடவிய கசிவின் மேல் ஒரு சொட்டு கே.ஓ.எச். விட்டதும் குப்பென்று மீன் வாடை வந்தால் பாசிட்டிவ். புத்தகத்தில் மீன் வாடை என்று இருக்கும். எனக்கென்னவோ அது கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது வருவது மாதிரிதான் இருக்கும். ஸ்லைடை மூக்கில் ஒட்ட வைத்து முகரக் கூடாது. கே.ஓ.எச். தோலைப் புண்ணாக்கும். அரை அடி தள்ளிப் பிடித்து, கையால் காற்றை நம் பக்கம் விசிறினால் போதும். சளி பிடித்திருக்கும் நாளில் என் மூக்கை நான் நம்புவதில்லை, பக்கத்தில் இருக்கும் சிஸ்டரைக் கூப்பிட்டுவிடுவேன். நோயாளி எதிரில் முகம் சுளிக்காமல் இருப்பதும் இந்தச் சோதனையில் ஒரு பகுதி.

ஈர ஸ்லைடு: இதில்தான் தவறுகள் அதிகம்

ஒரு ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன், அதில் ஸ்வாபைக் கலக்கி, கவர் ஸ்லிப் போட்டு, நேராக நுண்ணோக்கிக்கு. 10 லென்ஸில் இடம் கண்டுபிடித்து 40க்குப் போங்கள். கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்தால்தான் சாயம் போடாத செல்கள் தெரியும்.

ட்ரைக்கோமோனாஸ் பாக்டீரியா இல்லை, ஒரு செல் உயிரி. ஆனாலும் அதே ஸ்லைடில்தான் மாட்டும். வெள்ளை அணுவை விடச் சற்றுப் பெரிதாக, பேரிக்காய் வடிவில், வெட்டி வெட்டி நகரும். அந்த அசைவை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். சுமார் 10 நிமிடத்தில் அசைவு நிற்கத் தொடங்கும். சில்லென்ற சலைனில் இன்னும் சீக்கிரம். நின்றுவிட்டால் அதற்கும் வெள்ளை அணுவுக்கும் வித்தியாசம் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்சாரம் போன ஒரு நாள், ஆறு ஸ்லைடுகளை வரிசையாக ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கரண்ட் வந்து பார்த்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆறுக்கும் "ட்ரைக்கோமோனாஸ் இல்லை" என்று எழுதினேன். அதில் ஒரு அம்மா இரண்டு வாரம் கழித்து அதே அரிப்பு, அதே மஞ்சள் கசிவோடு வந்தார். இந்த முறை ஸ்வாப் எடுத்த இடத்திலேயே ஸ்லைடு போட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்திலும் நாலு, அஞ்சு துடித்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஈர ஸ்லைடுகளைச் சேர்த்து வைப்பதில்லை.

ஒழுங்காகப் பார்த்தாலும் ட்ரைக்கோமோனாஸில் பாதி, மிஞ்சிப் போனால் மூன்றில் இரண்டு பங்குதான் ஈர ஸ்லைடில் பிடிபடும். அறிகுறி பலமாக இருந்து ஸ்லைடு வெறுமையாக இருந்தால், ஆன்டிஜென் கிட்டோ மூலக்கூறு சோதனையோ இருக்கும் இடத்துக்கு மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது க்ளூ செல். சாதாரண எபிதீலியல் செல்லின் (யோனிச் சுவரின் மேலுறைச் செல்) ஓரம் கத்தரித்த காகிதம் போலத் தெளிவாக இருக்கும். க்ளூ செல்லில் பாக்டீரியா அப்பிக்கொண்டு ஓரமே தெரியாது. ரவையில் புரட்டிப் போட்ட மீன் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் கணக்கில்லை. ஐந்து எபிதீலியல் செல்லுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்ட வேண்டும், அதாவது 20 சதவீதத்துக்கு மேல். எண்ணிப் பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

வெள்ளை அணுக்களையும் கவனியுங்கள். பாக்டீரியல் வஜைனோசிஸில் அவை பொதுவாகக் குறைவு. வட்டம் முழுக்க வெள்ளை அணுவாக இருந்தால் ட்ரைக்கோமோனாஸையோ கர்ப்பப்பை வாய் அழற்சியையோ தேடுங்கள். கிளமிடியா, கொனோரியா ஈர ஸ்லைடில் தெரியாது. பெண்களில் கர்ப்பப்பை வாயின் கிராம் ஸ்டெயினும் கொனோரியாவைப் பல நேரம் தவறவிடும். அவற்றுக்கு மூலக்கூறு சோதனைதான்.

கடைசியாக கே.ஓ.எச். போட்ட ஸ்லைடில் பூஞ்சையின் இழைகளும் மொட்டுகளும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது கூட்டல். 1983ல் ஆம்செல் குழுவினர் சொன்ன கணக்கு இது: சீராகப் படிந்த மெல்லிய கசிவு, 4.5க்கு மேல் பி.எச்., கே.ஓ.எச். வாடை, 20 சதவீதத்துக்கு மேல் க்ளூ செல். நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ்.

கிராம் ஸ்டெயின்: காத்திருக்கும் ஸ்லைடு

ஈர ஸ்லைடு காத்திருக்காது, கிராம் ஸ்லைடு காத்திருக்கும். இரண்டாவது ஸ்வாபை ஸ்லைடில் உருட்டி (தேய்த்தால் செல் கிழியும்) காற்றில் உலர விட்டால், மதியம்கூடப் பார்க்கலாம், இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம். கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், நிறம் நீக்குவது சில நொடிகள், சஃப்ரனின் அரை முதல் ஒரு நிமிடம். நிறம் நீக்கும் அந்தச் சில நொடிகளில் கவனம் சிதறினால், ஊதாவாக இருக்க வேண்டிய லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமி இளஞ்சிவப்பாகி, ஆரோக்கியமான பெண் நோயாளி ஆகிவிடுவார்.

1991ல் வந்த நியூஜென்ட் மதிப்பெண்ணில், ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் மூன்று வகைக் கிருமிகளை எண்ணுவோம். தடித்த ஊதாக் குச்சியான லாக்டோபாசில்லஸ் நிறைய இருந்தால் 0, அறவே இல்லாவிட்டால் 4. கார்ட்னெரெல்லா போன்ற குட்டிக் கிருமிகளுக்கு நேர் எதிர்: இல்லாவிட்டால் 0, மொய்த்தால் 4. வளைந்த மொபிலுங்கஸுக்கு 0 முதல் 2 வரை. கூட்டினால் 0–3 இயல்பு, 4–6 இடைநிலை, 7–10 பாக்டீரியல் வஜைனோசிஸ்.

பாசிட்டிவ் என்றால் என்ன செய்வார்கள்? அறிகுறி உள்ள கர்ப்பிணிக்கு வழக்கமாக மெட்ரோனிடசோல் 7 நாள். அறிகுறியே இல்லாத, குறைப்பிரசவ ஆபத்தும் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்து மருந்து கொடுத்தால் குறைப்பிரசவம் குறையும் என்று முன்பு நம்பினார்கள். பிரான்சில் நடந்த, 2018ல் வெளியான ப்ரிமேவா ஆய்வில் கிளிண்டாமைசின் கொடுத்தும் குறையவில்லை. ஆகவே தொந்தரவு உள்ளவருக்குச் சோதியுங்கள், ஓ.பி.க்கு வரும் எல்லோரையும் மேசை ஏற்ற வேண்டாம். இன்னொன்று: வெள்ளைப்படுதலுக்கு அரசு கொடுக்கும் பச்சை நிற மருந்துக் கிட்டில் ஃப்ளுகோனசோல் இருக்கிறது. கர்ப்பிணிக்கு அதை அப்படியே எடுத்து நீட்டக் கூடாது. பூஞ்சைக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல்தான்.

சிறுநீர்

அறிகுறி இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது கர்ப்பத்தில் 2 முதல் 10 சதவீதம் பேருக்கு உண்டு. விட்டால் சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்க்காய்ச்சலில் கொண்டு போய் விடும். அதனால் நீர்க்கடுப்பு இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிட முடியாது.

டப்பாவைக் கையில் கொடுத்து "யூரின் பிடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் வருவது வெள்ளைப்படுதலும் சேர்ந்த கலவை. "கீழே தண்ணி விட்டுக் கழுவிக்கங்கம்மா. மொதல்ல வர்றத விட்டுடுங்க, நடுவுல வர்றத மட்டும் பிடிங்க, டப்பா உடம்புல படாமப் பாத்துக்கங்க" என்று சொல்ல 15 நொடி ஆகும்.

சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் இரண்டு கட்டங்கள் நமக்கு. நைட்ரைட் ஏறினால் கிருமி இருப்பதாக ஓரளவு நம்பலாம். ஏறாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை: சிறுநீர் பையில் 4 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும், கர்ப்பிணியோ மணிக்கொரு முறை போய்க்கொண்டிருப்பார். தவிர என்டரோகாக்கஸும் பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் நைட்ரைட் உண்டாக்காதவை. வெள்ளை அணுவைக் காட்டும் கட்டம் வெள்ளைப்படுதல் கலந்தாலே நிறம் மாறிவிடும். பல பிராண்டுகளில் நைட்ரைட்டை 60 நொடியிலும் வெள்ளை அணுவை 2 நிமிடத்திலும் படிக்க வேண்டும், டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை இறுக்குங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் திறந்து கிடந்த ஸ்ட்ரிப் பொய்யாக நைட்ரைட் காட்டும்.

என் கட்சி கிராம் ஸ்டெயின். சுழற்றாத சிறுநீரில் ஒரு சொட்டு, உலர்த்தி, சாயம் போட்டு, ஆயில் இம்மெர்ஷனில் வட்டத்துக்கு ஒரு கிருமியாவது தெரிந்தால், அது ஏறத்தாழ ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமிக்குச் சமம். உலக சுகாதார நிறுவனமும் 2016 வழிகாட்டியில் கல்ச்சர்தான் முதல் என்றும், அது இல்லாத இடத்தில் டிப்ஸ்டிக்கை விட கிராம் ஸ்டெயின் மேல் என்றும் சொல்கிறது. கல்ச்சர் வசதி இருந்தால், மருந்து தொடங்கும் முன் மாதிரியை எடுத்து வையுங்கள்.

சிபிலிஸ்: விரலில் ஒரு சொட்டு

எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் ஒரே பட்டையில் காட்டும் கிட் இருக்கிறது. ரத்தம், பஃபர், 15–20 நிமிடம், முடிந்தது. கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது. மங்கலான கோடும் கோடுதான். சொன்ன நேரம் தாண்டிய பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒருமுறை சிபிலிஸ் வந்து குணமானவருக்கும் இந்தக் கிட் பல ஆண்டுகள் பாசிட்டிவ் காட்டும். அதனால் நோய் இப்போது இருக்கிறதா என்று பார்க்க ஆர்.பி.ஆர். என்ற ரத்தச் சோதனை தேவை. ஆனால் இதுவரை சிகிச்சை எடுக்காத கர்ப்பிணி என்றால், ஆர்.பி.ஆர். வரும் வரை காத்திருக்காமல் அன்றே பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் போடச் சொல்வதுதான் நல்லது. குழந்தையைக் காக்க, பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஊசி போயிருக்க வேண்டும். கணவரையும் கூப்பிட வேண்டும், அதற்கான பேச்சைக் கவுன்சிலரிடம் விடுங்கள்.

பிரசவ வலியோடு வந்தவருக்கு: பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்

தாய்க்குத் தொந்தரவே தராத கிருமி, பிறந்த குழந்தையின் ரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்றை உண்டாக்கும். அமெரிக்காவில் 36–37 வாரத்தில் எல்லோருக்கும் கல்ச்சர் எடுக்கிறார்கள். பிரிட்டனில் ஆபத்துக் காரணிகளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கல்ச்சர் எடுக்காமல் வலியோடு வருபவருக்குத்தான் விரைவு பி.சி.ஆர். பயன்படும், ஒரு மணி நேரத்துக்குள் பதில். நம் ஊரில் காசநோய்க்கு வைத்திருக்கும் சிபி-நாட் மெஷினிலேயே இதற்கான கார்ட்ரிட்ஜும் ஓடும், வாங்கி வைத்திருந்தால்.

ஸ்வாபை முதலில் யோனியின் கீழ்ப்பகுதியில், பிறகு அதே ஸ்வாபை ஆசனவாயின் உள்ளே. வெளியே தொட்டால் போதாது. ஸ்பெகுலம் வேண்டாம். பாசிட்டிவ் என்றால் பென்சிலின், குழந்தை பிறக்க 4 மணி நேரம் முன்பே முதல் டோஸ் போவது நல்லது. இந்தக் கர்ப்பத்தில் சிறுநீர்க் கல்ச்சரில் ஏற்கெனவே இந்தக் கிருமி வந்திருந்தால் ஸ்வாபே தேவையில்லை, நேராக மருந்துதான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு பி.சி.ஆர். மட்டும் போதாது, எந்த மாற்று மருந்து கேட்கும் என்பதை கல்ச்சர்தான் சொல்லும்.

பிரசவத்துக்குப் பின் காய்ச்சல்

இங்கே எந்த விரைவுச் சோதனையும் கண்ணையும் கையையும் முந்தாது. நிமிடத்துக்கு 25க்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ், குழறும் பேச்சு, இவை இருந்தால் லேப் ரிப்போர்ட் வரும் வரை யாரும் காத்திருக்கக் கூடாது. பிளட் கல்ச்சரை எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும்.

வெள்ளை அணு எண்ணிக்கை பிரசவத்திலேயே ஏறும், நுரையீரல் முதிர்ச்சிக்குப் போடும் ஸ்டீராய்டிலும் ஏறும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சிசேரியன் முடிந்தாலே உயரும். ஒரு தடவை பார்த்ததை விட, நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பேசும். லாக்டேட் 2க்கு மேல் இருந்தால் கவலைப்பட வேண்டும், ஆனால் வலியின் உழைப்பிலேயே அது கொஞ்சம் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டிய ஒன்று: கசிவில் ஒரு கிராம் ஸ்டெயின். பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று 1879ல் பாரிஸில் விஞ்ஞானி பாஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டியதாகச் சொல்லும் அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சங்கிலி, ஊதா மணிகள் கோத்தது போல, உங்கள் ஸ்லைடில் தெரிந்தால் ரிப்போர்ட்டை டைப் செய்துகொண்டிருக்காதீர்கள், வார்டுக்கு போன் போடுங்கள். ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றில் கசிவு நாறாமலும் இருக்கலாம். "வாடை இல்லை, பரவாயில்லை" என்று சொல்லி விட்டுவிட்டால் சில மணி நேரங்களில் நிலை மாறிவிடும்.

ரிப்போர்ட் எழுதுவது

"தொற்று இல்லை" என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: "பி.எச். 5, வாடை உண்டு, க்ளூ செல் 20 சதவீதத்துக்கு மேல், ட்ரைக்கோமோனாஸ் காணப்படவில்லை, 5 நிமிடத்துக்குள் பார்க்கப்பட்டது." அந்தக் கடைசித் துண்டு இருந்தால்தான் டாக்டருக்கு அந்த "காணப்படவில்லை"யை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். டிப்ஸ்டிக் என்றால் சிறுநீர் எத்தனை மணிக்குப் பிடித்தது, கிட் என்றால் லாட் எண், படித்த நேரம்.

நல்ல கிராம் ஸ்லைடுகள் கிடைக்கும்போது ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். நியூஜென்ட் 1, 5, 9 என்று மூன்று தடுப்பு. புதிதாக வருகிறவர்களிடம் மதிப்பெண்ணை மறைத்துவிட்டு எண்ணச் சொல்வேன். இடைநிலை ஸ்லைடுகளில் அவர்களும் நானும் ஒத்துப்போவதே இல்லை, அதற்குத்தான் அந்தத் தடுப்பு எப்போதும் நிறைந்திருக்கிறது.